எபிக்டெடஸின் கால்

ஸ்டோயிக் என்ற சொல்லை நம்மிடையே யாராவது உச்சரித்தால் அடுத்த நிமிஷமே நமக்கு அது புரிந்துவிடுகிறது. ஸ்திதப்ரக்ஞன் என்கிறோம். கணியன் பூங்குன்றனார் என்கிறோம். குறளில் இடுக்கண் அழியாமை என்று ஒரு அதிகாரமே இருக்கிறதே என்கிறோம். இவ்வளவு சீக்கிரம் அடையாளம் கண்டுகொள்வது ஒரு வகையில் படிக்காமல் தப்பித்துக்கொள்வதுதான். வெளியிலிருந்து வரும் எதையும் ஏற்கெனவே நம்மிடம் உள்ளது என்று சொல்லிப் பரணில் ஏற்றிவிடுவது நம் விமர்சனத்தின் பழைய வழக்கம். மேலை நாடுகளில் வேறொரு காரியம் நடக்கிறது. அங்கே ஸ்டோயிஸிஸம் இன்று ஒரு வியாபாரம். விமான நிலையப் புத்தகக் கடைகளில் மார்கஸ் ஆரீலியஸ் கம்பெனி நிர்வாகிகளுக்கு மன உறுதி கற்பித்துக்கொண்டிருக்கிறார். நாம் பரணில் ஏற்றுகிறோம், அவர்கள் கடையில் பரப்புகிறார்கள். கஷ்டம் உண்மையிலேயே வந்தபோது இந்தச் சிந்தனை தாங்கிற்றா என்ற கேள்வியை இரு தரப்பும் கேட்பதில்லை.

நான் கேட்க வேண்டியிருந்தது. அறிவார்த்தமான ஆர்வம் மட்டுமே அதற்குக் காரணம் அல்ல. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், சொல்லப்பட்டது என்ன என்பதைப் பார்ப்போம். எபிக்டெடஸ் எதையும் எழுதவில்லை. அவர் பேசியதை அர்ரியன் என்ற மாணவர் குறித்துவைத்தார். எட்டுப் புத்தகங்களில் நான்கு மிஞ்சியிருக்கின்றன. அவற்றின் சாரமாகத் தொகுக்கப்பட்ட சிறு நூலுக்குக் கையேடு என்று பெயர். கையேடு உலகத்தின் சகல விஷயங்களையும் எடுத்த எடுப்பிலேயே இரண்டாகப் பிரித்துவிடுகிறது. உடம்பு, சொத்து, பெயர், பதவி இவையெல்லாம் ஒரு பக்கம். இவை நம் பிடிக்குள் இல்லை. நம் கணிப்பு, நம் விருப்பம், நம் மறுப்பு இவை இன்னொரு பக்கம். இவை மட்டும் நம்முடையவை. ஒரு சம்பவம் முதலில் நம் மனசில் ஒரு தோற்றமாக வந்து விழுகிறது. அந்தத் தோற்றத்துக்கு நாம் ஆமாம் போடுவது அதற்கடுத்த காரியம். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி உண்டு, மிகச் சிறியது. ஸ்டோயிக் சொல்லும் சுதந்திரம் முழுவதும் அந்த இடைவெளிக்குள் இருக்கிறது. சமன நிலை, சாந்தம் என்றெல்லாம் நாம் பேசுவது அதன் விளைவு. தத்துவத்தின் வேலை நடக்கும் இடம் அந்த இடைவெளி.

கீதையோடு இதைச் சேர்த்துக் கட்டுபவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிப்பதில்லை. ஒன்று, இங்கே பிறவியிலிருந்து விடுதலை என்ற பேச்சு இல்லை. இருக்கும் ஒரே வாழ்க்கைக்குள் எப்படி நிற்பது என்பதுதான் விஷயம். இரண்டாவது, எபிக்டெடஸ் மனிதனை உறவுகளிலிருந்து உரித்தெடுத்துப் பார்ப்பதில்லை. நீ ஒரு மகன், ஒரு சகோதரன், ஒரு ஊரின் பிரஜை. ஒவ்வொரு பெயருக்கும் அதற்குரிய கடமை உண்டு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். அவருடைய ரசிகர்கள் பெரும்பாலும் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். இரண்டாம் பாதி இல்லாமல் முதல் பாதி நிற்காது என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது.

அவருடைய வாழ்க்கை பற்றித் தெரிந்தது கொஞ்சம். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் ஃபிரிஜியா நாட்டு ஹைராபோலிஸில் பிறந்தவர். அந்த ஊர் இன்று துருக்கியில் இருக்கிறது. எபிக்டெடஸ் என்பதற்கு, பிறகு பெற்றுக்கொண்டது என்ற மாதிரி அர்த்தம். ஒரு அடிமைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ரோமில் அவருடைய எஜமானன் எபாஃப்ரோடிடஸ், தானே ஒரு காலத்தில் அடிமையாக இருந்து விடுவிக்கப்பட்டு நீரோவின் காரியதரிசியாக ஆனவன். அடிமையாக இருக்கும்போதே மூஸோனியஸ் ரூஃபஸ் என்ற ஸ்டோயிக் ஆசானிடம் படித்தார். பின்னால் விடுதலை கிடைத்தது. டொமிஷியன் தத்துவவாதிகளை ரோமிலிருந்து விரட்டியபோது கிரேக்கத்தின் வடமேற்கில் நிகோபோலிஸ் என்ற ஊருக்குப் போய்ப் பள்ளி நடத்தினார்.

அவருக்குக் கால் ஊனம். அது எப்படி வந்தது என்பதற்கு இரண்டு கதைகள் இருக்கின்றன. கிறிஸ்தவ ஆசிரியர் ஓரிஜென், தன் எதிராளி செல்சஸ் சொன்னதாக ஒன்றைப் பதிவு செய்கிறார். எஜமானன் காலை முறுக்கினான். இப்படி முறுக்கினால் ஒடிந்துபோகும் என்றார் அடிமை, நிதானமாக. அவன் நிறுத்தவில்லை, கால் ஒடிந்தது. நான்தான் சொன்னேனே என்றார் அடிமை. சூடா என்ற பைஜாண்டியக் கலைக்களஞ்சியம் தரும் விவரம் வேறு. அதன்படி வாத நோயால் வந்த ஊனம் அது. எல்லாரும் செல்சஸின் கதையைத்தான் விரும்புகிறார்கள். அதில் ஒரு வில்லன் இருக்கிறான், ஒரு வீரன் இருக்கிறான், ஒரு நல்ல வசனம் இருக்கிறது. வாத நோயில் இது எதுவும் இல்லை. யாரையும் எதிர்த்து நிற்க முடியாது. தினமும் காலையில் எழுந்து ஒரு காலை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ரசிகர்கள் விஷயத்தில் இன்னொரு தகவலும் உண்டு. எபிக்டெடஸின் இரும்பு விளக்கை ஒரு திருடன் எடுத்துப் போனான். மண் விளக்கு வாங்கிக்கொண்டால் போயிற்று என்று அவர் விட்டுவிட்டார். அவர் செத்த பிறகு ஒருவன் எபிக்டெடஸின் மண் விளக்கை மூவாயிரம் திராக்மா கொடுத்து வாங்கினானாம், அதன் வெளிச்சத்தில் படித்தால் ஞானம் வரும் என்று. லூஷியன் இதைச் சொல்லிக் கேலி செய்கிறான். விமான நிலையக் கடைக்காரர்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

தாங்கிற்றா என்ற கேள்விக்கு நம் காலத்தில் ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. ஜேம்ஸ் ஸ்டாக்டேல் அமெரிக்கக் கடற்படை விமானி. கடற்படை அவரை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க அனுப்பியிருந்தபோது ஃபிலிப் ரைன்லாண்டர் என்ற தத்துவப் பேராசிரியர் கையேட்டை அவரிடம் கொடுத்தார். குடியும் கோல்ஃபுமாக இருந்த ஒரு விமானிக்கு இந்த அடிமையின் பேச்சு எதற்கு என்று முதலில் நினைத்ததாக ஸ்டாக்டேலே பின்னால் சொல்லியிருக்கிறார். ஆனாலும் கப்பலில் படுக்கைக்குப் பக்கத்திலேயே அதை வைத்துக்கொண்டார். 1965 செப்டம்பர் 9 அன்று வட வியட்நாமில் அவருடைய விமானம் சுடப்பட்டது. பாராசூட்டில் இறங்கிக்கொண்டிருந்த சில நொடிகளில், இயந்திரங்களின் உலகத்தை விட்டு எபிக்டெடஸின் உலகத்துக்குள் போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தரையில் காத்திருந்த கூட்டம் அவரை அடித்து நொறுக்கியது. கால் ஒடிந்தது, கடைசிவரை சரியாக மடங்கவில்லை. ஏழரை வருஷம் சிறை. அதில் நான்கு வருஷம் தனிக் கொட்டடி, இரண்டு வருஷம் காலில் விலங்கு. 1973 பிப்ரவரி 12 அன்று விடுதலை.

இதை ஒரு வீர சரித்திரமாகச் சொல்வது சுலபம். 1969-ல் அவரைப் படம் எடுத்துப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தப் பார்த்தபோது சவரக் கத்தியால் தலைத் தோலை வெட்டிக்கொண்டார். தொப்பி போட்டு மறைத்துவிடலாம் என்றார்கள். உட்கார்ந்திருந்த முக்காலியை எடுத்துத் தன் முகத்தைத் தானே அடித்து வீங்க வைத்தார். படம் எடுக்க முடியவில்லை. ஆனால் எனக்கு அவருடைய சாட்சியத்தில் முக்கியமாகப் பட்டது இந்தச் சம்பவம் அல்ல. அதைவிட முக்கியமானது, தான் உடைந்துபோனதாக அவர் சொல்வது.

காலில் விலங்கு மாட்டலாம், என் சங்கல்பத்தை ஜீயஸால்கூட ஜெயிக்க முடியாது என்பது எபிக்டெடஸின் நிலை. ஹனோயில் கயிறுகள் இருந்தன. கைகளைப் பின்னால் கட்டி, மேலே இழுத்து, தலையைக் கால்களுக்கு நடுவே அழுத்தி, தோள் மூட்டு கழலும்வரை, மூச்சு முட்டும்வரை வைத்திருப்பார்கள். கேட்டதை எல்லாரும் சொன்னார்கள். ஸ்டாக்டேலும் சொன்னார். ஏறக்குறைய எல்லா மனிதர்களும் கயிற்றில் உடைவார்கள் என்பதை அவர் ஒளிக்கவில்லை. கயிற்றிலிருந்து இறக்கப்பட்டுத் தனிக் கொட்டடிக்குத் திரும்பி வந்தவனைத் தின்பது வலி அல்ல, வெட்கம் என்கிறார் அவர். நான் துரோகி, இனி என்னோடு யார் பேசுவார்கள் என்ற நினைப்பு. சிறை அதிகாரிகள் எதிர்பார்ப்பதும் இதைத்தான். வெட்கத்தில் தனித்துப்போனவன் அடுத்த தடவை கயிறு இல்லாமலே சொல்லிவிடுவான்.

அப்போது சுவரில் தட்டும் சத்தம் கேட்கும். ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து எழுத்து. முதல் தட்டல்கள் வரிசையைக் குறிக்கும், அடுத்த தட்டல்கள் அந்த வரிசையில் எழுத்தின் இடத்தை. இருபத்தாறு எழுத்துகளில் ஒன்று மிஞ்சும், அதனால் கே என்ற எழுத்தை விட்டுவிட்டு அதற்கு சி எழுத்தையே வைத்துக்கொண்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வருஷக்கணக்கில் பேசிக்கொண்டார்கள். புதிதாக உடைந்து வந்தவனுக்குப் பக்கத்துக் கொட்டடிக்காரன் சொல்லும் செய்தி எளிமையானது. எங்களுக்கும் இதுதான் நடந்தது. நீ என்ன சொன்னாய் என்பதைச் சொல்லிவிடு. நாளைக்கு மறுபடியும் முதலிலிருந்து மறுக்கத் தொடங்கு. தலைமைப் பொறுப்பில் இருந்த ஸ்டாக்டேல் சில விதிகளை வகுத்தார். பொது இடத்தில் அவர்களுக்குத் தலை வணங்காதே, ரேடியோவில் பேசாதே, குற்றம் செய்ததாக ஒப்புக்கொள்ளாதே என்பவை போன்றவை. கடைசி விதி, தன்னைவிட ஒற்றுமை பெரிது என்பது.

எபிக்டெடஸின் கோட்பாடு ஹனோயில் அப்படியே நின்றது என்று சொல்ல முடியாது, திருத்தப்பட்டது என்பேன். சங்கல்பம் என்பது யாராலும் பிடிக்க முடியாத கோட்டை என்று ஆசான் சொன்னார். அது பிடிபடும், பிடிபட்ட இடத்துக்கே மனிதன் திரும்பி வந்து மறுநாள் மறுபடியும் குடியேறலாம் என்று மாணவன் தெரிந்துகொண்டான். திரும்பி வரும் வழியைத் தனியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டியிருந்தது.

இந்த ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ழான் அமெரியின் சாட்சியம் இருக்கிறது. வியன்னாக்காரர், இயற்பெயர் ஹான்ஸ் மேயர், யூதர். 1943 ஜூலையில் பிரஸ்ஸல்ஸில் நாஜிகளை எதிர்த்துத் துண்டறிக்கை விநியோகித்ததற்காகப் பிடிபட்டு ப்ரீன்டொங்க் கோட்டைக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கேயும் கைகள் பின்னால் கட்டப்பட்டு, கொக்கியில் மாட்டி மேலே தூக்கப்பட்டு, தோள்கள் கழன்றன. கேட்டதையெல்லாம், கேட்காததையும் சொன்னதாக எழுதுகிறார். தோழர்களின் உண்மைப் பெயர்கள் தனக்குத் தெரியாதது அதிர்ஷ்டம், தெரிந்திருந்தால் அவற்றையும் சொல்லியிருப்பேன் என்கிறார். பிறகு ஆஷ்விட்ஸ். 1966-ல் வெளிவந்த புத்தகத்தில் அவர் சொல்வது, முதல் அடி விழும்போதே உலகத்தின் மேல் மனிதனுக்கு இருக்கும் நம்பிக்கை போய்விடுகிறது, சித்திரவதைக்கு உள்ளானவன் கடைசிவரை அதற்குள்ளேயே இருக்கிறான் என்பதுதான். 1978-ல் தன் வாழ்வைத் தானே முடித்துக்கொண்டார். இதைப் பலவீனம் என்று சொல்லும் அருகதை யாருக்கும் இல்லை.

அமெரி இன்னொன்றும் சொல்கிறார். முகாமில் படிப்பாளியின் படிப்பு அவனுக்கு உதவவில்லை. கவிதை வரிகள் வெறும் சத்தமாகப் போயின. தாங்கியவர்கள் பெரும்பாலும் மதவாதிகள், மார்க்ஸியவாதிகள். தங்களைத் தாண்டிய ஏதோ ஒன்றின் மேல் அவர்களுக்குக் கை பதிந்திருந்தது. அமெரியால் அவர்களோடு சேர முடியவில்லை, சேரவும் அவர் விரும்பவில்லை. சேராமலே அவர்களுடைய பலத்தை நேர்மையாகப் பதிவு செய்கிறார். எழுதுகிறவர்களாகிய நமக்கு இது சௌகரியமான செய்தி அல்ல. நம்முடைய அக உலகம் மட்டுமே நம்மைக் காப்பாற்றும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அதைச் சோதிக்கும் இடத்தில் நின்றவர் வேறு விதமாகச் சொல்கிறார்.

ஹெகல் 1807-லேயே ஸ்டோயிக்கின் மேல் ஒரு குற்றச்சாட்டு வைத்தார். சிம்மாசனத்திலும் சங்கிலியிலும் சமமாகச் சுதந்திரமாக இருக்கிறேன் என்கிறவனின் சுதந்திரம் நினைப்பில் மட்டும் உள்ள சுதந்திரம், அதற்கு வாழ்க்கையின் சரக்கு இல்லை என்று. ஸ்டாக்டேலின் கதையிலேயே இதற்கு வலுவான ஆதாரம் உண்டு. 1964 ஆகஸ்ட் 4 இரவு, டோன்கின் வளைகுடாவில் வட வியட்நாமியப் படகுகள் அமெரிக்கக் கப்பல்களைத் தாக்கியதாகச் சொல்லப்பட்டபோது, அந்தக் கப்பல்களுக்கு மேலே பறந்துகொண்டிருந்தவர் இவர். படகு எதையும் அவர் பார்க்கவில்லை. இல்லாத தாக்குதலைக் காட்டி மூன்று நாளில் அமெரிக்கக் காங்கிரஸ் யுத்தத்துக்கு வழிவிட்டது. ஒரு பொய்யின் மேல் தொடங்கிய யுத்தம் என்று நேரில் தெரிந்த மனிதர் அதில் சண்டை போட்டார், சிறைப்பட்டார், அந்த ரகசியம் கயிற்றில் வெளிவந்துவிடக்கூடாதே என்று வருஷக்கணக்கில் பயந்தார். அது அவருடைய பதவிக்குரிய கடமை. எந்தக் கடமை எதற்காக என்று கேட்க எபிக்டெடஸ் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. 1984-ல் மனைவியோடு சேர்ந்து எழுதிய புத்தகத்தில்தான் அன்றைய இரவை விரிவாகச் சொன்னார்.

அவர் கிடந்த ஹோவா லோ சிறையை பிரெஞ்சுக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வியட்நாமியர்களை அடைக்கக் கட்டினார்கள். ஸ்டாக்டேலுக்கு முன்னால் அதே விலங்குகளில் காலனி ஆட்சியை எதிர்த்தவர்கள் கிடந்திருக்கிறார்கள். அவர் சிறையில் இருந்த அதே காலத்தில், அமெரிக்கா ஆதரித்த தென் வியட்நாம் அரசு கோன்ஸோன் தீவில் கைதிகளைப் புலிக்கூண்டுகளில் அடைத்து வைத்திருந்தது 1970-ல் அம்பலமாயிற்று. ஹோ சி மின் 1942-43-ல் சீனச் சிறைகளில் காலில் விலங்கோடு செய்யுள் எழுதிக்கொண்டிருந்தவர். மன உறுதி ஒரு கட்சிக்கு மட்டும் சொந்தமில்லை. சுவரைத் தட்டும் பாஷை எல்லாப் பக்கமும் இருந்திருக்கிறது. அக சுதந்திரம் ஒரு மனிதனை நிற்க வைக்கும். எங்கே நிற்கிறான் என்பதற்கு அது பொறுப்பேற்காது.

நம் ஊரிலும் இந்தச் சொல்லின் வெறுமையை நான் கேட்டிருக்கிறேன். 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலை இருந்த காலத்தில், பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்த நாட்களில், எழுத்தாளன் உள்ளே எப்போதும் சுதந்திரமானவன் என்று சில நண்பர்கள் தேநீர்க் கடைகளில் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் உள்ளே இருந்த அந்தச் சுதந்திரம் பக்கத்து ஆளுக்குக் கேட்கும்படி சுவரில் ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை. எபிக்டெடஸிடம் போய் அதைச் சொல்லியிருந்தால், நீ எந்த ஊரின் பிரஜை என்றுதான் அவர் கேட்டிருப்பார்.

இப்போது என் காரணத்தைச் சொல்ல வேண்டும். 2016 முதல் 2021 வரை என் மனைவி டயாலிசிஸில் இருந்தாள். வாரம் மூன்று நாள், தடவைக்கு நான்கு மணி நேரம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். கையேடு மிகவும் சிறியது, சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். அந்த பெஞ்சில்தான் அதைப் பல தடவை படித்தேன். சித்திரவதையும் யுத்தமும் எங்கள் வாழ்க்கையில் இல்லை. மறுத்து நிற்க ஒரு எதிரி இல்லை. செல்சஸின் கதை எங்களுக்குப் பயன்படாது. எங்களுக்கு வாய்த்தது சூடாவின் கதை.

சிறுநீர் போவது நின்றவர்களுக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுப்பார்கள். அவளுக்கு நாளுக்கு முக்கால் லிட்டர், காபி ரசம் எல்லாம் அதற்குள்ளே. மே மாதத்தில் முக்கால் லிட்டர் என்றால் என்ன என்பதை அனுபவித்தவர்கள்தான் சொல்ல முடியும். அவள் காலையில் அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொள்வாள். நான் வேளைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கிறேன் என்றபோது ஒப்புக்கொள்ளவில்லை. "எவ்வளவுன்னு அவங்க சொல்லட்டும். எப்பன்னு நான் பாத்துக்கறேன்" என்றாள். கையேட்டின் முதல் பத்தியை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கி நான் கேட்டதில்லை. அவள் எபிக்டெடஸைப் படித்தவள் இல்லை.

நான் படித்துச் சொன்னேன். உடம்பு நம்முடையதல்ல என்கிறார் என்றேன். அவள் இடது கையை வலது உள்ளங்கையால் மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையில்தான் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்திருந்தார்கள். உள்ளே ரத்தம் ஓடும் அதிர்வை தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும், அது நின்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். "அப்படின்னா இந்தக் கையை யார் பாத்துப்பாங்களாம்?" என்று கேட்டாள். ஸ்டோயிக்குகளிடம் இதற்குப் பதில் இருக்கிறது. ஆரோக்கியம் நல்லதும் அல்ல கெட்டதும் அல்ல, ஆனாலும் தேர்ந்துகொள்ளத் தக்கது என்று ஒரு வகை வைத்திருக்கிறார்கள். பதில் தர்க்கப்படி சரி. தூங்குவதற்கு முன் தன் கையைத் தானே தொட்டுப் பார்க்கும் ஒரு பெண்ணின் முன்னால் அது எனக்குப் போதுமானதாகப் படவில்லை. நம் பிடிக்குள் இல்லாத ஒன்றை அக்கறையோடு பேணுவதும் சுதந்திரத்தின் ஒரு பகுதிதான் என்று அந்தக் கேள்வி எனக்குச் சொல்லிற்று.

அவளும் உடைந்தாள். ஒரு கோடை இரவில் எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்துத் தீர்த்துவிட்டாள். மறுநாள் மெஷினில் கூடுதல் நீரை இறக்கும்போது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, நர்ஸிடம் திட்டும் வாங்கினாள். அன்று வீட்டுக்கு வந்து எதுவும் பேசவில்லை. அடுத்த நாள் காலை பாட்டிலை அலம்பி முக்கால் லிட்டர் அளந்து ஊற்றினாள். ஸ்டாக்டேல் சொல்லும் திரும்பி வருதல் இதுதான் என்று எனக்குத் தோன்றிற்று. பெரிய விஷயத்தைச் சின்ன விஷயத்தோடு ஒப்பிடுகிறேன் என்று யாராவது சொல்லலாம். சின்ன விஷயத்தில் நடக்காதது பெரிய விஷயத்தில் நடந்ததாகச் சொன்னால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

அந்த அறையில் எட்டுப் படுக்கைகள். ஒரு நாள் புதிதாக ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள், இருபத்தைந்து வயசு இருக்கும். ஊசி குத்தினவுடன் சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தான். வலிக்காக அழவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. பக்கத்துப் படுக்கையிலிருந்து இவள் சொன்னதை நான் கதவருகில் நின்று கேட்டேன். "முதல் மாசம் நாங்க எல்லாருமே அழுதோம் தம்பி. அழுதுட்டு நாளன்னிக்கு வா." எங்களுக்கும் இதுதான் நடந்தது, திரும்பி வா. ஹனோயில் சுவரில் தட்டிச் சொன்ன அதே செய்தி.

அவள் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. கையேட்டில் ஒரு இடம் உண்டு. குழந்தையையோ மனைவியையோ முத்தமிடும்போது சாகப்போகும் ஒரு ஜீவனைத்தான் முத்தமிடுகிறாய் என்று நினைத்துக்கொள், பிறகு இழப்பு உன்னைக் கலக்காது என்கிறார் எபிக்டெடஸ். இந்தப் பயிற்சியைச் செய்ய எனக்கு ஐந்து வருஷ அவகாசம் இருந்தது. வாரம் மூன்று முறை நினைவூட்டலும் இருந்தது. நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். இழப்பு என்னைக் கலக்கவில்லை என்று சொன்னால் அது பொய். அந்த நினைப்பு ஒரே ஒரு காரியம் செய்தது. இருந்த நாட்களில் என்னை வேறெங்கும் பார்க்கவிடாமல் செய்தது. ஆசான் வாக்களித்த பலன் கிடைக்கவில்லை, அவர் வாக்களிக்காத ஒன்று கிடைத்தது. இந்தக் கணக்கை அவரோடு நான் தீர்க்காமலே வைத்திருக்கிறேன்.

தீர்க்காமல் வைத்திருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆறாம் நூற்றாண்டில் கையேட்டுக்கு உரை எழுதிய ஸிம்ப்ளீஷியஸ் போகிற போக்கில் ஒரு தகவல் தருகிறார். எபிக்டெடஸ் வெகுகாலம் தனியாகவே இருந்தார். வயசான பிறகு, ஒரு நண்பர் வறுமையால் தன் குழந்தையை வெளியே போட்டுவிட இருந்தார். எபிக்டெடஸ் அதை எடுத்துக்கொண்டார். வளர்க்க உதவியாக ஒரு பெண்ணையும் வீட்டில் சேர்த்துக்கொண்டார். குழந்தையை முத்தமிடும்போது அதன் சாவை நினைத்துக்கொள் என்று சொன்ன மனிதர், நொண்டிக் காலோடு, சாகவிட இருந்த குழந்தையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஜீயஸாலும் ஜெயிக்க முடியாத சங்கல்பத்தைக் கடைசியில் எதற்குப் பயன்படுத்துவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.